காருக்கு ரெண்டு கோட்டிங்

அந்தக் குடியிருப்பில் முப்பத்தாறு வீடுகள். முப்பத்தாறு வீட்டுக்காரர்களுக்கும் பெற்றவர்கள் ஆசை ஆசையாகப் பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். ஆனால் சங்கச் செயலாளருக்கு எண்கள்தான் வாயில் வரும். "எட்டு நேத்து குப்பையைப் பிரிக்காம போட்டிருக்கு", "இருபத்திரெண்டுக்குக் காய்ச்சலாம்" என்றுதான் பேசுவார். அப்படி இவளுக்கு முப்பத்தொண்ணு என்று பெயர். மூன்றாம் மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடு.

முப்பத்தொண்ணு ஒன்பது வருஷம் ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டினாள். மூன்றடுக்குக் கேக்கை ஏற்றிக்கொண்டு நகரத்தின் அந்தக் கோடிக்குப் போனாலும், உச்சியில் வைத்த கிரீம் பூ ஒரு இதழ் நசுங்காமல் இறங்கும். ஐந்து மாதத்துக்கு முன்னால் முதலாளியின் மருமகன் ஓட்டுநர் உரிமம் வாங்கினான். அன்றைக்குத்தான் முதலாளிக்கு, ஒரு பெண்பிள்ளை இத்தனை வருஷமாக இப்படிக் கஷ்டப்படுகிறாளே என்று மனசு உருகியது. "நீ வீட்டுல ரெஸ்ட் எடும்மா" என்று கனிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மருமகன் முதல் வாரமே மூன்றடுக்கு ஏற்றிக்கொண்டு போய் இரண்டடுக்கு இறக்கினான் என்று கேள்வி. அதைக் கேட்டு அவள் சந்தோஷப்படவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது ஒரே ஒரு முறை சிரித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ரெஸ்ட். காலையில் எழுந்து சமைத்து, துவைத்து, பெருக்கி, துடைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி சமைத்து, ராத்திரி இடுப்பொடியப் படுக்கும்வரை ரெஸ்ட்தான். வீட்டுக்காரருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். சாயங்காலம் வரும்போது சூடாகச் சாப்பாடு, மடித்த சட்டை. "நீ வீட்டுல இருக்கிறது எவ்வளவு லட்சணமா இருக்கு தெரியுமா?" என்பார். அவளையோ வேலை கேட்டுப் போன இரண்டு இடத்திலும், "பொம்பளை டிரைவரா?" என்று ஏதோ பறக்கும் ஆமையைப் பார்த்த மாதிரி பார்த்து அனுப்பியிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு இடம் மிச்சம். அதுவும் போனால் இந்த லட்சணம் நிரந்தரமாகிவிடும்.

அந்த மூன்றாவது இடம், முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் நிலையம். நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட, சொந்தக் கார் வைத்திருக்கும் பெண் ஓட்டுநர் வேண்டுமாம். அவளிடம் கார் இருந்தது. பேக்கரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய கார், அரக்குச் சிவப்பு. வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிக்க மட்டும் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் வந்தது. நாளைக் காலை பதினொரு மணிக்கு ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார்களாம். வண்டி உள்ளும் புறமும் பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.

அவள் கீழே போய்ப் பார்த்தாள். ஐந்து மாதமாக நின்ற வண்டி. நான்காம் மாடியில் டைல்ஸ் மாற்றியவர்கள் தாராள மனசோடு இறைத்த சிமெண்ட் தூசி, அதன்மேல் புறாக்கள் தங்கள் பங்குக்குப் போட்ட கையெழுத்துகள். சிவப்புக் கார் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். தெருமுனையில் கார் கழுவும் கடை ஆறு மணிக்கே மூடியாயிற்று. நாளை ஞாயிறு, பத்து மணிக்குத்தான் திறப்பான்.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு குழாய் இருந்தது. அதற்குப் பூட்டு இருந்தது. பூட்டின் சாவி செயலாளரின் அரைஞாணில் இருப்பதாகப் பேச்சு. பக்கத்துத் தூணில் அவரே தட்டச்சு செய்து ஒட்டிய அறிவிப்பு: "இங்கே தண்ணீர் ஊற்றிக் கார் கழுவக் கூடாது. தரையில் தண்ணீர் தென்பட்டால் கார் நிறுத்தும் உரிமை ரத்து." பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்பதால் அவள் எதையும் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பாள். அதில் ஒரு சௌகரியம் உண்டு. படித்தவர்கள் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற இடத்தில் அவள் நிற்பாள். மூன்று முறை படித்தாள். கழுவக் கூடாது என்று இருந்தது. துடைக்கக் கூடாது என்று இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு இரண்டு பக்கெட்டோடு லிஃப்டில் இறங்கினாள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். லிஃப்டில் தளும்பிச் சிந்தாமலிருக்க இரண்டுக்கும் மேலே சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்திருந்தாள். காரைச் சுற்றிப் பழைய போர்வையை விரித்தாள். முதலில் தூசியை மென்மையான துடைப்பத்தால் தட்டினாள். அப்படியே ஈரத்துணியைப் போட்டால் சிமெண்ட் மண் கோடு கோடாய்க் கீறிவிடும். பிறகு வீட்டுக்காரரின் பழைய பனியனைச் சோப்பில் முக்கி, முறுக்கிப் பிழிந்து, கூரையிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு துடைப்பு, ஒரு அலசல், ஒரு பிழிசல். கூரை, கண்ணாடி, பானெட், கதவு. சக்கரத்துப் பக்கம் கடைசி, அங்கேதான் அழுக்கு அதிகம்.

ஆறேகாலுக்குச் செயலாளர் வந்துவிட்டார். பக்கெட் வாசனை மூன்று மாடி தாண்டி அவர் மூக்குக்கு எட்டும்.

"ஏம்மா முப்பத்தொண்ணு, என்ன நடக்குது இங்க?"

"துடைக்கிறேன் சார்."

"துடைக்கிறதுக்கு எதுக்குப் பக்கெட்டு?"

"துணி அழுக்காகுது சார்."

"நோட்டீஸைப் படிச்சியா?"

"மூணு தரம் சார். தரையில தண்ணி தெரியக் கூடாதுன்னு போட்டிருக்கு. தெரிஞ்சா சொல்லுங்க."

செயலாளருக்கு இப்படி ஒரு வேலை கிடைத்து எத்தனை நாளாயிற்றோ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். அவள் குனிந்தால் அவரும் குனிந்தார். அவள் பின்பக்கம் போனால் அவரும் போனார். ஒரு சொட்டுக்காக அந்த மனிதர் காத்திருந்த பொறுமையைப் பார்த்தால் மழைக்கே மனசு இளகியிருக்கும். அவருடைய கார் இரண்டு தூண் தள்ளி உறைக்குள் நின்றது. ஆறு வருஷமாக உறைக்குள் நிற்கிறது. அது என்ன நிறம் என்பதில் குடியிருப்பில் இரண்டு கட்சி.

"அங்க, அங்க! சக்கரத்துக்குக் கீழ!" என்று ஒருமுறை துள்ளினார். அது பழைய எண்ணெய்க் கறை. முகம் சுண்டிப்போயிற்று.

ஆறு தடவை மேலே போய்த் தண்ணீர் மாற்றிக்கொண்டு வந்தாள். எட்டு மணிக்குக் கார் சிவப்பாகியிருந்தது. தரை, எப்போதும்போல், வறண்டு கிடந்தது. ஒரு டப்பாவைத் திறந்தாள். கார் மெழுகு.

செயலாளருக்கு உயிர் வந்தது. "இங்க வாக்ஸ் எல்லாம் போடக் கூடாது. வாடை மேல வரும். எனக்கு மூச்சு."

"நோட்டீஸ்ல இல்லையே சார்."

"இன்னைக்குச் சாயங்காலம் போட்டுடறேன்."

சண்டைக்கு நேரமில்லை. காரை வெளி முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே நல்ல வெயில். டப்பாவில் போட்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: நிழலில் பூசவும், கொஞ்சமாகப் பூசவும், ஒவ்வொரு பகுதியாகப் பூசி உடனே துடைக்கவும். மதில் ஓரம் முழ அகலத்துக்கு நிழல் இருந்தது. காரின் மூக்கை அந்த நிழலில் நுழைத்து, பானெட்டில் விரல் நுனி அளவு மெழுகை வட்டமாகத் தேய்த்து, உடனே துடைத்தாள். பானெட் கண்ணாடி மாதிரி ஆயிற்று. அவள் முகம் அதில் தெரிந்தது. தலை வாரவில்லை என்பதும் தெரிந்தது.

அப்போது ஃபோன். பதினொன்று இல்லையாம், பத்துக்கே வருகிறார்களாம். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், எல்லாக் காகிதமும் எடுத்து வைக்க வேண்டுமாம்.

அவள் கையைப் பிசைந்தாள். குளிக்க வேண்டும். நல்ல உடுப்பை இஸ்திரி போட வேண்டும். இன்ஷூரன்ஸ் காகிதம் எந்த டிரங்குப் பெட்டியின் அடியிலோ. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் பல்குச்சியோடு கீழே இறங்கி வந்தார்.

"நீ போ. இதை நான் பாத்துக்கிறேன்."

"உங்களுக்கு இது தெரியாதுங்க."

"இருபத்திரெண்டு வருஷமா செவுத்துக்குப் பூசறவனுக்கு, இத்துனூண்டு தகரத்துக்குப் பூசத் தெரியாதா? நல்லா இருக்கே கதை!"

"கொஞ்சமா பூசணும். ஒரு கதவுக்குப் பூசி, உடனே துடைச்சிட்டு, அப்புறம் அடுத்த கதவு. நிழல்லயே இருக்கணும், கேட்டீங்களா?"

"சரி, சரி, சரி."

மூன்று சரி சொன்னால் காதில் விழவில்லை என்று அர்த்தம். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவளுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் மணி எட்டரை. ஓடினாள்.

வீட்டுக்காரர் நல்ல தொழில்காரர், அதில் குறை சொல்ல முடியாது. தொழில்காரராக யோசித்தார். பூசிய உடனே துடைப்பதற்கு எதற்குப் பூச வேண்டும்? எந்த ஊர் நியாயம் இது? பூச்சு என்றால் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் காய வேண்டும். காய வேண்டுமென்றால் வெயில் வேண்டும். அதனால் காரைத் தள்ளி நடு வெயிலில் நிறுத்தினார். எங்கே பூசக் கூடாதோ அங்கே முதலில் மறைக்க வேண்டும். அது தொழில் சுத்தம். ஆகவே வீட்டிலிருந்து டேப்பும் செய்தித்தாளும் கொண்டுவந்து கண்ணாடி, விளக்கு, கைப்பிடி, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் ஒரு மயிரிழை பிசகாமல் மறைத்தார். பிறகு நாலங்குலப் பிரஷை எடுத்தார்.

ஒன்பதரைக்கு அவள் குளித்து, வாரி, காகிதங்களை மார்போடு அணைத்தபடி இறங்கி வந்தாள். லிஃப்டுக் கதவு திறந்ததும் முதல் மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல் கேட்டது: "என்னங்க, காருக்குச் சுண்ணாம்பா?"

முற்றத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

மெழுகு தடியாக, சீராக, விளிம்பு விளிம்பாக, ஒரு இடம் விடாமல் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. அவள் கண்ணாடி மாதிரி ஆக்கிவைத்த பானெட்டும் தப்பவில்லை. வீட்டுக்காரர் முக்காலியில் ஏறிக் கூரையில் பிரஷ் இழுத்துக்கொண்டிருந்தார்.

"வா, வா. முதல் கோட்டிங் நல்லா பிடிச்சிருச்சு. இப்ப ரெண்டாவது. கூரை மட்டும்தான் ஆச்சு, டப்பா தீந்துபோச்சு. சின்ன டப்பாவா வாங்கிட்டியே!"

நகத்தால் கதவைச் சுரண்டினாள். மாவு மாதிரி உதிர்ந்தது, ஆனால் அடி வரவில்லை. வெறும் துணியால் தேய்த்தாள். துணிதான் தேய்ந்தது.

"என்ன, பிடிச்சிருக்கா?" என்றார் அவர் பெருமையோடு.

"ரொம்ப."

"நான்தான் சொன்னேனே."

"இறங்குங்க கீழ."

அந்தக் குரலை அவர் பதினாறு வருஷத்தில் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறார். இறங்கினார்.

அவள் காரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பேக்கரியில் வெண்ணெய் தடவிய தட்டுகள் வேன் சூட்டில் காய்ந்து பிசினாகிவிடும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அசையாது. கொஞ்சம் புது வெண்ணெயை மேலே தடவி ஒரு நிமிஷம் விட்டால், பழையதும் புதியதும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வரும். புது மெழுகுக்கு எங்கே போவது? அவர்தான் சுவர்க்காரர் ஆச்சே, டப்பாவை ஒட்ட வழித்திருந்தார். பிறகு கூரையைப் பார்த்தாள். இரண்டாவது கோட்டிங் இன்னும் ஈரமாக, தடியாக, தயாராக இருந்தது.

"காரை நிழலுக்குத் தள்ளுங்க. தள்ளிட்டு அந்தப் பனியனை எடுங்க."

"அது நல்ல பனியன்..."

"போட்டிருக்கிறதையும்தான்."

கூரையிலிருந்து ஈர மெழுகை வழித்து வழித்து, காய்ந்த இடத்தில் தடவி, இளகியதும் துடைத்தார்கள். பானெட் வந்தது. கூரை வந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவுகள் வந்தன. அவர் வெற்று மார்போடு தேய்க்க, அவள் நல்ல உடுப்பில் ஒரு புள்ளி படாமல் தேய்த்தாள். பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கூரையில் மெழுகு தீர்ந்தது. இடது பக்கம் முழுக்க வெள்ளை. வலது பக்கமிருந்து பார்த்தால் ஷோரூமில் நிற்கும் கார். இடது பக்கமிருந்து பார்த்தால் மாவு மில்லில் தோண்டி எடுத்த கார்.

சரியாகப் பத்துக்கு ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது வயசிருக்கும், கையில் அட்டையில் செருகிய படிவம். அவள் வந்து நின்றது இடது பக்கம்.

"இது... நீங்க சொன்னது சிவப்புக் கார் இல்ல?"

"அந்தப் பக்கம் வந்து பாருங்கம்மா, சிவப்புதான்," என்றார் வீட்டுக்காரர், முக்காலிக்குப் பின்னால் மார்பை மறைத்துக்கொண்டு.

அந்தப் பெண் குனிந்தாள். "நம்பர் பிளேட்ல எதுக்குப் பேப்பர்?"

முப்பத்தொண்ணுக்குக் கூச்சத்தில் காது சூடேறியது. மிச்சமிருந்த ஒரே வாசலும் கண்ணெதிரே மூடுகிற மாதிரி இருந்தது. பேப்பரைக் கிழித்துக்கொண்டே, "மெழுகு போட்டோம். காஞ்சிருச்சு," என்று மட்டும் சொன்னாள்.

வந்த பெண் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படிவத்தைப் புரட்டினாள். அந்த நேரத்தில்தான் செயலாளர் தன் கடமையைச் செய்ய வந்து சேர்ந்தார். வெளியாள் ஒருத்தி படிவத்தோடு நிற்பதைப் பார்த்ததும், புகாரைக் காதுகொடுத்துக் கேட்க அதிகாரி ஒருவர் வந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நீங்களே கேளுங்கம்மா இந்த அநியாயத்தை! காலையில ஆறு மணியிலிருந்து இந்த முப்பத்தொண்ணு இந்தக் காரைக் கட்டிக்கிட்டு அழுவுது. ரெண்டே பக்கெட்டு. முழுக் காரையும் துடைச்சுது. ஆறு தடவை லிஃப்டுல பக்கெட்டு போச்சு, வந்துச்சு. நான் ரெண்டு மணி நேரம் நின்னு பார்த்தேன், ஒரு சொட்டு... ஒரே ஒரு சொட்டு தண்ணி கீழ விழல! என்ன திமிர் பாருங்க!"

"ஒரு சொட்டு கூடவா?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணு கூட இல்லைங்கிறேன்! லிஃப்டுலயும் போய்ப் பார்த்தேன். தட்டைப் போட்டு மூடிக் கொண்டுபோகுதும்மா! நான் விடுவேனா, குனிஞ்சு குனிஞ்சு பார்த்தேன். என் இடுப்பு போச்சு. நீங்க எழுதிக்குங்க."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். செயலாளர் திருப்தியாகத் தலையாட்டினார். வாழ்நாளில் அவர் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. செய்தது அவருக்கே தெரியாது.

"ஏறுங்க, ஓட்டிப் பார்ப்போம்," என்று பின்சீட்டில் ஏறினாள் அந்தப் பெண்.

முப்பத்தொண்ணு கண்ணாடிகளிலிருந்து செய்தித்தாளை உரித்துவிட்டு உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைத் தொட்டதும் கூச்சம் எங்கோ போயிற்று. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பாதிக் காரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சாலையைப் பார்த்தாள். கடைத்தெருவில் குழி மேல் குழி. ஒவ்வொன்றிலும் சக்கரத்தை இறக்கி ஏற்றினாள், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டுப் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். பேனா ஒரு இடத்திலும் எகிறவில்லை.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் படிவத்தைக் காட்டினாள். இருபத்துநாலு கேள்விகள். சீட் பெல்ட், கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, கால் நீட்ட இடம், பிரேக், குலுக்கல். இருபத்துமூன்றாவதாக ஒரே வரி: வெளித்தோற்றம். காலையிலிருந்து பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடக்கம். அதில் அந்தப் பெண் பாதி டிக் போட்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு முதல் டிரிப். அட்ரஸ் இந்தக் காகிதத்துல இருக்கு. நாலு பேர். முதல்ல வர்ற அம்மா இடது பக்கம்தான் ஏறுவாங்க அக்கா. வெள்ளைப் புடவை கட்டினா சரி, இல்லன்னா ஒட்டிக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் எப்படியாவது..."

"ஆயிடும்," என்றாள் முப்பத்தொண்ணு.

பத்து மணிக்குத் திறந்த தெருமுனைக் கடையில் இன்னொரு டப்பா மெழுகு வாங்கி வந்தார் வீட்டுக்காரர். மத்தியானம் மூன்று மணிக்கும் இடது பின்கதவிலேயே இருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் பூசுவது எவ்வளவு சுலபமான வேலை என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. ஏழு மணிக்கு இவள் கிளம்பிவிட்டால் தன் சாப்பாட்டு டப்பாவை யார் கட்டுவது என்கிற கவலை வேறு தனியாக வலித்தது.

அவள் உள்ளே ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, நாலு விலாசங்களையும் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். எந்தத் தெருவில் திரும்ப இடம் இருக்கும், எந்த வாசலில் படி உயரம் என்று யோசித்துக்கொண்டே, மடக்க முடியாத முழங்கால்களுக்குப் பின்னால் இடம் வர, பக்கத்து முன்சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளிப் பார்த்தாள். இன்னும் ஒரு பல் தள்ளினாள்.

வீட்டுக்காரர் கண்ணாடியைத் தட்டினார். "ஏம்மா, சும்மாதானே உக்காந்திருக்கே? இறங்கி வந்து ஒரு கை கொடேன்."

அவள் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினாள்.

"நான் டியூட்டியில இருக்கேங்க," என்றாள். ஏற்றிவிட்டாள்.